முதலீட்டுடன் இணைந்த ஆயுள் காப்புறுதி: மாதம் 500 வெள்ளி போடலாமா?

பொங்கோல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. சிங்கப்பூரில் பொறியியல் நிறுவனம் ஒன்றில் வேலை. ஆண்டு வருமானம் ஏறத்தாழ 72,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவி பகுதிநேரமாகப் பணியாற்றுகிறார். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கான கடன் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடும்.

நண்பர் வழியாக அறிமுகமான காப்புறுதி முகவர் ஒருவர், ஐஎல்பி எனப்படும் முதலீட்டுடன் இணைந்த காப்புறுதித் திட்டம் ஒன்றை எனக்குப் பரிந்துரைத்திருக்கிறார். மாதம் 500 வெள்ளி வீதம் 25 ஆண்டுகளுக்குச் சந்தா (பிரீமியம்) செலுத்த வேண்டும். பணம் நான் தேர்ந்தெடுக்கும் நிதிகளில் முதலீடு செய்யப்படும். இடையில் எனக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கும். ஒன்றும் நேராவிட்டால் மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கோ என் ஓய்வுக்காலத்துக்கோ அந்தத் தொகை பயன்படும் என்றார். முதல் ஆண்டில் தொடக்கப் போனஸாகக் கூடுதல் யூனிட்கள், அதாவது நிதியின் கூறுகள், தருகிறார்களாம். விளக்கப் படிவத்தில் மரண இழப்பீடு பற்றி, ‘செலுத்திய சந்தாவில் 101 விழுக்காடு அல்லது கணக்கின் மதிப்பு, இவற்றுள் எது அதிகமோ அது’ என்று குறிப்பிடப்பட்டுள்ளது. எதிர்கால மதிப்பை 4 விழுக்காடு, 8 விழுக்காடு என்ற இரண்டு ஆண்டு வளர்ச்சி விகிதங்களில் காட்டியிருக்கிறார்கள்.

ஒரே திட்டத்தில் பாதுகாப்பும் சேமிப்பும் கிடைப்பது வசதியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் கையெழுத்திடக் கை வரவில்லை. இதற்கிடையே திருச்சியில் இருக்கும் மைத்துனர், இதையே ஊரில் யூலிப் என்ற பெயரில் ரூபாயில் வாங்கினால் செலவு குறைவு என்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தெம்பனிஸ் கணக்கர் எழுதியது:

நீங்கள் மேற்கோள் காட்டிய அந்த 101 விழுக்காடு என்ற வரியிலேயே உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில் நீங்கள் காலமானால், அதுவரை செலுத்திய 12,000 வெள்ளிக்கு 101 விழுக்காடு, அதாவது 12,120 வெள்ளி உங்கள் மனைவிக்குக் கிடைக்கும். சந்தை ஏறியிருந்தால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். உங்கள் சொந்தப் பணத்துடன் காப்புறுதி நிறுவனம் சேர்த்துத் தர உறுதி கூறுவது வெறும் 120 வெள்ளியே. இதைக் குடும்பப் பாதுகாப்பு என்று சொல்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. இது காப்புறுதிச் சட்டை அணிந்த முதலீட்டுத் திட்டம். அந்தக் கண்ணோட்டத்திலேயே எடைபோடப்பட வேண்டியது.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு பாதுகாப்பு தேவை? சிங்கப்பூர் நாணய ஆணையமும் நிதித்துறைச் சங்கங்களும் சேர்ந்து 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அடிப்படை நிதித் திட்டமிடல் வழிகாட்டி, மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் ஆண்டு வருமானத்தைப்போல் ஒன்பது மடங்கும், கடுநோய்க்கு நான்கு மடங்கும் காப்புறுதி இருப்பது நல்லது என்கிறது. உங்கள் வருமானத்துக்கு அது முறையே 648,000 வெள்ளி, 288,000 வெள்ளி. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துப் பாருங்கள். கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியின் உறுப்பினர் என்ற முறையில், நீங்கள் விலகியிராவிட்டால், சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் 70,000 வெள்ளி இருக்கும். உங்கள் வயதில் அதற்கான சந்தா ஆண்டுக்கு 30 வெள்ளிதான். வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் வீட்டுக் கடனை அடைக்குமே ஒழிய, மாதாந்திரச் செலவுக்கு ஒரு காசும் தராது. முதலாளி எடுத்துத் தந்திருக்கும் குழுக் காப்புறுதியை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன், ஏனென்றால் பொதுவாக வேலை போனால் அதுவும் போய்விடும். ஆக, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடைவெளி அப்படியே நிற்கிறது. மாதம் 500 வெள்ளியை இந்தத் திட்டத்தில் போட்ட பிறகும் அது நிற்கும். கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

அந்த இடைவெளியை அடைப்பதற்கு மிகச் சிக்கனமான வழி தவணைக் காப்புறுதி, அதாவது டெர்ம். குறிப்பிட்ட காலத்துக்குள் மரணம் போன்ற, காப்புறுதி செய்யப்பட்ட நிகழ்வு நேர்ந்தால் மட்டுமே பணம் தரும், காலம் முடிந்தால் எதுவும் தராது என்பதால்தான் அதன் சந்தா குறைவாக இருக்கிறது. முகவருக்குத் தரகு இல்லாமல் நேரடியாக வாங்கக்கூடிய திட்டங்கள் 2015 முதல் இங்கே உள்ளன. அவற்றில் தவணைக் காப்புறுதியை ஒரு நிறுவனத்திடம் 400,000 வெள்ளி வரை வாங்கலாம். கம்பேர்ஃபர்ஸ்ட் இணையத்தளத்தில் உங்கள் வயது, பாலினம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் பல நிறுவனங்களின் சந்தாக்களை ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். முகவருக்குப் பதில் சொல்வதற்கு முன்பு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இனி முதலீட்டுப் பாதிக்கு வருவோம். படிவத்தில் உள்ள 4 விழுக்காடும் 8 விழுக்காடும் வெறும் ஊகங்கள். கீழ்வரம்பு, மேல்வரம்பு என்று அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தை சரிந்தால் மதிப்பு 4 விழுக்காட்டுக் கணக்கையும்விடக் கீழே போகும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, கழிவுகளின் விளைவு எனப்படும் பத்தி. நிதி நிர்வாகக் கட்டணம், திட்ட நிர்வாகக் கட்டணம், காப்புறுதிக் கட்டணம், விற்பனைச் செலவு எல்லாம் சேர்ந்து உங்கள் வளர்ச்சியில் எவ்வளவைத் தின்கின்றன என்பதை அந்தப் பத்திதான் வெள்ளிக் கணக்கில் காட்டும். ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 500 வெள்ளி, 25 ஆண்டுகள், நீங்கள் போடும் மொத்தப் பணம் 150,000 வெள்ளி. கட்டணங்களுக்குப் பின் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ந்தால் முடிவில் ஏறத்தாழ 346,000 வெள்ளி இருக்கும். அதே பணத்தில் கட்டணங்கள் கூடுதலாக 2.5 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு 3.5 விழுக்காடே மிஞ்சினால் ஏறத்தாழ 239,000 வெள்ளிதான். இடையே ஒரு லட்சத்துக்கும் மேல் காணாமல் போகிறது. உங்கள் திட்டத்தின் கட்டணம் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். படிவத்தைப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல முடியாது.

தொடக்கப் போனஸ் என்பது தானம் அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். குறைந்தபட்ச முதலீட்டுக் காலம் முடிவதற்குள் வெளியேறினால் சரண்டர் கட்டணமாக எவ்வளவு பிடிப்பார்கள் என்ற அட்டவணை அதே ஆவணத்தின் பின்பகுதியில் இருக்கும். போனஸைப் பற்றிப் பேசுபவர் அந்த அட்டவணையையும் சேர்த்துக் காட்டினாரா?

முன்னாள் முகவர் எழுதியது:

நான் இத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எதையும் விற்கவில்லை. கணக்கர் சொன்னதில் எண்கள் சரி. ஆனால் எல்லா ஐஎல்பியும் ஒரே வார்ப்பில் வந்தவை அல்ல என்பதைத் தம்பி பொங்கோல்வாசி தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் வந்தது முதலீட்டை முன்னிறுத்தும் வகை. பாதுகாப்பை முன்னிறுத்தும் வகை ஒன்றும் உண்டு. அதில் மாதம் 300 வெள்ளி செலுத்துபவருக்கும் முதல் நாளிலிருந்தே 300,000 வெள்ளிக் காப்புத்தொகை இருக்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? உங்கள் யூனிட்களே கொடுக்கின்றன. ஒவ்வொரு மாதமும் காப்புறுதிக் கட்டணத்துக்கு ஈடான யூனிட்களை விற்று எடுத்துக்கொள்வார்கள். காப்புத்தொகை 300,000 வெள்ளி, கணக்கின் மதிப்பு 20,000 வெள்ளி என்றால் நிறுவனம் சுமக்கும் ஆபத்து மீதி 280,000 வெள்ளிக்கு. இரண்டில் அதிகமானதைத் தரும் திட்டங்களில் கட்டணம் அந்த மீதிக்குத்தான். காப்புத்தொகையோடு கணக்கின் மதிப்பையும் சேர்த்துத் தரும் திட்டங்களில் ஆபத்துத் தொகை குறைவதே இல்லை.

இந்தக் கட்டணம் வயதோடு சேர்ந்து ஏறும் என்பது பலருக்குப் புரியாத இடம். கணக்குக்காக, இன்று ஆயிரம் வெள்ளிக்கு ஆண்டுக்கு 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 280,000 வெள்ளிக்கு 560 வெள்ளி ஆகும். அறுபது வயதில் அது ஆயிரத்துக்கு 10 வெள்ளியாகி, யூனிட்களும் எதிர்பார்த்தபடி வளராமல் இருந்தால், ஆண்டுக்கு 2,800 வெள்ளி கழிக்கப்படும். சந்தை சரிந்த ஆண்டில் அதே கட்டணத்தைக் கட்டுவதற்கு அதிகமான யூனிட்களை விற்க வேண்டியிருக்கும். இப்படியே போய்க் கணக்கு வற்றிவிட்டால் திட்டம் காலாவதியாகும். இல்லையென்றால் சந்தாவை உயர்த்தச் சொல்லிக் கடிதம் வரும். அறுபது வயதில் அப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டு கட்டினேனே என்று என் எதிரே அமர்ந்தவர்களிடம் இதை விளக்குவதுதான் என் வேலையில் மிகக் கடினமான பகுதியாக இருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை முற்றாக ஒதுக்கிவிட என்னால் முடியாது. டெர்ம் வாங்கி மீதியை முதலீடு செய் என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த மீதியை மாதம் தவறாமல் முதலீடு செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தீபாவளிச் செலவு, ஊர்ப் பயணம், மகளின் துணைப்பாட வகுப்பு என்று அது கரைந்துவிடுகிறது. கட்டாயமாகப் பிடிக்கப்படும் சந்தா, கட்டணம் கூடுதலாக இருந்தாலும், சிலரிடம் ஒரு தொகையைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்கு மாறுவதற்குப் பல திட்டங்களில் தனிக் கட்டணம் இல்லை. குழந்தை பிறந்தாலோ வீடு வாங்கினாலோ புதிய மருத்துவப் பரிசோதனை இன்றிக் காப்புத்தொகையை உயர்த்தும் உரிமையும் சிலவற்றில் உண்டு. சில காலம் சந்தா கட்டாமல் சந்தா விடுப்பு எடுக்கலாம். ஆனால் விடுப்பிலும் கழிவுகள் தொடரும், தொடக்க ஆண்டுகளில் விடுப்புக்கே ஒரு கட்டணம் பிடிக்கும் திட்டங்களும் இருக்கின்றன.

தம்பி, உங்களால் வங்கியில் மாதந்தோறும் ஒரு நிரந்தரக் கட்டளை போட்டு, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறைந்த செலவுள்ள குறியீட்டு நிதியில் பணம் போட்டுவிட்டு அதைத் தொடாமல் இருக்க முடியுமா? முடியும் என்றால் இந்தத் திட்டத்துக்கு உங்கள் வாழ்க்கையில் இடமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இதை விற்பதற்கு முன்பு முகவர் உங்களுக்கு முதலீட்டு அறிவு இருக்கிறதா என்று கேள்வித்தாள் மூலம் மதிப்பிட வேண்டும் என்பது விதி. அந்தத் தாளில் பதில்களை அவரே நிரப்பி நீட்டினால் கையெழுத்திடாதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட் எழுதியது:

உங்கள் மைத்துனர் சொன்ன யூலிப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதைப் பெரியவர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள்.

இந்தியாவில் 2010 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் யூலிப் விதிகளை இறுக்கியது. கட்டணங்களுக்கு உச்சவரம்பு வந்தது. பணத்தை எடுக்க முடியாத காலம் மூன்று ஆண்டுகளில் இருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்ந்தது. அதற்கு முன்பு விற்ற திட்டங்களைவிட இப்போதுள்ளவை செலவு குறைந்தவை என்பது உண்மைதான். ஆனால் அது இந்தியாவில் வருமான வரி கட்டுபவருக்காக வடிவமைக்கப்பட்ட பொருள். வரிச் சலுகைதான் அதன் பெரிய கவர்ச்சி. அதிலும் 2021 பிப்ரவரி முதல் வாங்கிய திட்டங்களில் ஆண்டுச் சந்தா இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரியே இல்லாதபோது, இங்கே சம்பாதித்து இங்கேயே வரி கட்டும் உங்களுக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

பெரிய சிக்கல் நாணயம். உங்கள் மகள் வளர்வதும் படிப்பதும் சிங்கப்பூரில், செலவு வெள்ளியில். இழப்பீடு ரூபாயில் வந்தால், கடந்த பல ஆண்டுகளாக வெள்ளிக்கு எதிராக ரூபாய் தேய்ந்துவந்திருப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போய் ஊரிலேயே குடியேறும் எண்ணம் இருப்பவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. மற்றபடி, 2024இல் இந்திய ஒழுங்குமுறை ஆணையமே யூலிப் திட்டங்களை முதலீட்டுப் பொருள் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று காப்புறுதி நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. மைத்துனரிடம் அதையும் சொல்லுங்கள்.

பொங்கோல்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தவணைக் காப்புறுதிக்கான சந்தாக்களை ஒப்பிட்டுப் பார்த்தேன்; முகவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். என் மனைவி திருமணத்துக்கு முன்பு வாங்கிய ஐஎல்பி ஒன்று, 150,000 வெள்ளிக் காப்புத்தொகையுடன், இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிடலாமா? அடுத்து, இழப்பீடு யாருக்குச் சேர வேண்டும் என்று மத்திய சேம நிதியில் நான் ஏற்கெனவே நியமனம் செய்திருக்கிறேன். அது காப்புறுதிக்கும் போதுமா?

தெம்பனிஸ் கணக்கர் எழுதியது:

மனைவியின் திட்டத்தைப் பற்றி முதலில். அவருக்கு வேறு காப்புறுதி கைக்கு வரும்வரை, அதாவது புதிய திட்டம் ஏற்கப்பட்டு நடப்புக்கு வரும்வரை, பழையதைத் தொட வேண்டாம். திருமணத்துக்கு முன்பு இருந்த உடல்நிலை இப்போதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கர்ப்பகாலத்தில் வந்துபோன சர்க்கரை நோய்கூடப் புதிய விண்ணப்பத்தில் கூடுதல் சந்தாவுக்கோ, அது தொடர்பான நோயைக் காப்பிலிருந்து விலக்குவதற்கோ காரணமாகலாம். ஆண்டு அறிக்கையை எடுத்து, சென்ற ஆண்டில் காப்புறுதிக் கட்டணமாக எத்தனை வெள்ளி கழிந்தது, இன்றைய சரண்டர் மதிப்பு என்ன, சரண்டர் கட்டணம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பழைய திட்டங்களில் விற்பனைச் செலவு பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே கழிந்திருக்கும். அந்தப் பணம் திட்டத்தை நிறுத்தினாலும் திரும்பி வராது என்பதால், இனி ஆகப்போகும் செலவை மட்டும் வைத்து முடிவெடுப்பதே சரி. கட்டணம் இன்னும் குறைவாக இருக்கும் வயதில் வைத்துக்கொண்டு, ஐம்பதை நெருங்கும்போது காப்புத்தொகையைக் குறைத்துக்கொள்வதும் ஒரு வழி. ‘இதை நிறுத்திவிட்டு என்னிடம் புதிய ஐஎல்பி வாங்குங்கள்’ என்று யாராவது சொன்னால், புதிதாக வரும் கட்டணங்களை எழுத்தில் கேளுங்கள்.

நியமனம் விஷயத்தில் பதில், போதாது. மத்திய சேம நிதி நியமனம் அங்குள்ள சேமிப்புக்கு மட்டுமே. தனியார் காப்புறுதிக்கு அந்தந்த நிறுவனத்திடம் தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும். 2009 செப்டம்பர் முதல் இதில் இரண்டு வகை உண்டு. மாற்றத்தக்க நியமனத்தில், நீங்கள் விரும்பியபோது பெயரை மாற்றலாம். உங்கள் வாழ்நாளில் திட்டத்தின் மீதான உரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும். அறக்கட்டளை நியமனத்தில் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோரை மட்டுமே நியமிக்க முடியும். பணம் அன்று முதல் அவர்களுக்கே உரியது, உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் பொதுவாக அதில் கைவைக்க முடியாது. ஆனால் அவர்கள் சார்பிலான அறங்காவலரின் ஒப்புதலோ நியமிக்கப்பட்ட அனைவரின் ஒப்புதலோ இல்லாமல் நீங்கள் அதை ரத்துசெய்ய முடியாது.

பாதுகாப்பையும் சேமிப்பையும் ஒன்றாக முடிந்துவைப்பதன் இன்னொரு விளைவு இங்கேதான் தெரியவருகிறது. உங்கள் தவணைக் காப்புறுதியை அறக்கட்டளை நியமனம் செய்தால் உங்களுக்குப் பெரும்பாலும் இழப்பு இல்லை, அதில் நீங்கள் எடுத்துக்கொள்ளச் சேமிப்பு ஏதும் கிடையாது. உங்கள் மனைவியின் ஐஎல்பியை அப்படிச் செய்தால் அதிலுள்ள யூனிட்களும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். நாளை அவருக்கே அவசரத் தேவை வந்து கொஞ்சம் யூனிட்களை விற்க நினைத்தாலும், அந்தப் பணம் அவருடையதாக இருக்காது. ஆகவே அதற்கு மாற்றத்தக்க நியமனமே பொருத்தம் என்பது என் கருத்து. மகள் இன்னும் சிறுமி என்பதால், அவள் பங்கை அவள் சார்பில் யார் பெற்றுக்கொள்வார் என்பதையும் அதே நாளில் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நியமனம் பெறுபவரும் அவருடைய கணவர் அல்லது மனைவியும் சாட்சியாக இருக்கக் கூடாது.